நொக்ச்சி மக்களும் அவர்தம் மொழியும்: எண்ணிக்கை காட்டாத நிலை

உருசியக் கூட்டமைப்பின் தென்னெல்லையில், காக்கசஸ் மலைத்தொடரின் வடசரிவில் வாழும் ஓர் இனத்தைப் புறவுலகம் செச்சென் என அழைக்கிறது. இப்பெயர் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று. அர்குன் ஆற்றங்கரையிலுள்ள செச்சென்-அவுல் என்னும் ஊரின் பெயரையே உருசியர் அவ்வினம் முழுமைக்கும் விரித்து வழங்கினர் என்பர். அம்மக்கள் தம்மை நொக்ச்சி என்றும் தம் மொழியை நொக்ச்சின் மோட் என்றும் குறிப்பர். மோட் என்பது நாவுக்கும் மொழிக்கும் பொதுவாக வழங்கும் சொல். மேற்கே அடுத்து வாழும் இங்குஷ் மக்களையும் தம்மோடு சேர்த்துச் சொல்லுங்கால் வைநாஹ் என்பர். வை என்பது முன்னிலையாரையும் உளப்படுத்திய தன்மைப் பன்மை. நாஹ் என்பது மக்கள். தமிழில் நாம், நாங்கள் என இருப்பது போலவே இம்மொழியிலும் வை, த்கோ என இரு வடிவங்கள் உண்டு. உருசிய மொழியில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே வைநாஹ் என்பதற்கு 'நம் மக்கள்' என்னும் தமிழ்த் தொடர் நேராகப் பொருந்துகிறது.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உருசியாவில் 14 இலட்சத்து 31 ஆயிரம் செச்சென்கள் வாழ்ந்தனர். அம்மொழி அறிந்தோர் என 13 இலட்சத்து 54 ஆயிரம் பேர் பதிவாயினர். காக்கசஸ் பகுதியின் பல மொழிகள் சில ஆயிரம் பேரால் மட்டுமே பேசப்படுவதை நோக்க, இது பெருந்தொகை. எனினும் யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகளின் நிலப்படத் தொகுப்பு இம்மொழியைப் பாதிப்புக்கு இடமுள்ள மொழிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது. இவ்விரு செய்திகளும் முரண்படுவன போலத் தோன்றும். பேசுவோர் தொகை ஒரு மொழியின் நிலையைக் காட்டப் போதிய அளவுகோலன்று என்பதற்கு இம்முரணே தக்க சான்று. அதனை விளங்கிக்கொள்ள நிலம், இலக்கணம், எழுத்து, நாடுகடத்தல் ஆகியவற்றின் வரலாற்றை இணைத்து நோக்க வேண்டும்.

நிலம்

செச்சென் குடியரசின் வடபகுதி தெரெக் ஆற்றங்கரையின் சமவெளி. தென்பகுதி ஜார்ஜிய எல்லை வரை உயரும் மலைநாடு. எல்லையிலுள்ள தெபுலோஸ் கொடுமுடி 4,493 மீட்டர் உயரமுடையது. தெரெக், சுன்ஜா, அர்குன் ஆகிய ஆறுகளைச் செச்சென்கள் முறையே தெர்க், சோல்ஜ, ஓர்க என வழங்குவர். தலைநகர் குரோஸ்னி 1818இல் தளபதி யெர்மோலவ் எழுப்பிய கோட்டையிலிருந்து வளர்ந்தது. அவர் இட்ட பெயருக்கு 'அச்சம் தருவது' என்பது பொருள். செச்சென் மொழியில் அதே நகருக்குச் 'சோல்ஜ ஆற்று நகர்' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஒரே இடத்திற்கு ஒரு மொழியில் அச்சமும் மற்றொன்றில் ஆறும் பெயராயின.

மலைப்பகுதியில், குறிப்பாக அர்குன் பள்ளத்தாக்கில், இடைக்காலக் கற்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. குடியிருப்புக் கோபுரம் வேறு, போர்க்கோபுரம் வேறு. இச்சமூகத்தில் அரசமரபோ நிலவுடைமைப் பிரபு வகுப்போ நிலைகொள்ளவில்லை. தைப் எனப்படும் குலங்களும், அவை இணைந்த துக்கும் எனப்படும் கூட்டங்களுமே அடிப்படை அமைப்பு. தன் முன்னோர் எழுவரின் பெயரை அறிந்திருத்தல் ஒருவனது கடமை எனக் கருதப்பட்டது. அரசவை இல்லாத சமூகத்தில் அரசவைப் புலவரும் இல்லை. இல்லி எனப்படும் வீரப் பாடல்கள் வாய்மொழியாகவே வளர்ந்தன. சமயத்தால் இவர்கள் சன்னி இசுலாமியர், ஷாஃபி வழியினர்; நக்ஷபந்தி, காதிரி ஆகிய சூஃபி நெறிகள் வேரூன்றியவை. 1817 முதல் 1864 வரை நீண்ட காக்கசஸ் போரும், இமாம் ஷமில் 1859இல் சரணடைந்ததும் பலரும் அறிந்தவை. அப்போருக்குப் பின் 1865இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட செச்சென்கள் உதுமானியப் பேரரசுக்குப் பெயர்ந்தனர். அபுஸார் ஐதமிரவ் 1972இல் வெளியிட்ட 'நெடிய இரவுகள்' என்னும் பொருளுடைய நாவலின் களம் இப்பெயர்ச்சியே.

வகுப்பும் வினையும்

செச்சென், இங்குஷ், பட்ஸ் ஆகிய மூன்றும் நாஹ் கிளையைச் சேர்ந்தவை. இக்கிளை வடகிழக்குக் காக்கசஸ் மொழிக் குடும்பத்தின் ஒரு பிரிவு. உருசியம் முதலான இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடும் துருக்கிய மொழிகளோடும் இக்குடும்பத்திற்கு உறவில்லை. காற்றை நுரையீரலிலிருந்து தள்ளாமல் குரல்வளையை மூடி உயர்த்தி வெடிக்கச் செய்யும் மெய்களும், மிடற்றின் உட்பகுதியில் பிறக்கும் மெய்களும் இதில் உண்டு. உயிரொலிகளும் மிகுதி, அவற்றின் தொகை ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர் ஊன்றி நோக்கத்தக்கது பெயர்களின் வகுப்பமைப்பு. ஒவ்வொரு பெயரும் வ, ய, ப, த என்னும் நான்கு குறிகளுள் ஒன்றைத் தன்னோடு இயையும் சொல்லின் முதலில் பெறச் செய்யும். பின்னிரண்டும் ஒலிப்புடை மெய்கள். ஒருமையில் ஏற்கும் குறியும் பன்மையில் ஏற்கும் குறியும் சேரும் வகையால் ஆறு வகுப்புகள் எனக் கணக்கிடுவது மரபு. ஆண்மகன் வ-குறியையும் பெண்மகள் ய-குறியையும் கொள்வர். 'இருக்கிறது' என்னும் வினை சிறுவனுக்கு 'வு', சிறுமிக்கு 'யு', மலைக்கு 'பு', நீருக்குத் 'து' என வரும். குதிரைக்கும் 'யு'தான். மாந்தர் வரை பொருளடிப்படை தெளிவு. அதற்கப்பால் மலை ஏன் ப-வகுப்பில், நீர் ஏன் த-வகுப்பில் என்பதற்குப் பொருள்நோக்கில் விடை கிடைப்பதில்லை. திணைப் பகுப்பில் பொருளே முதன்மை பெறும் தமிழினின்று இவ்வகையில் இது வேறுபடுகிறது. ஆயினும் ஓரிடத்தில் இரண்டும் நெருங்குகின்றன. குழந்தையைக் குறிக்கும் 'பேர்' என்னும் செச்சென் சொல் மாந்தர் வகுப்பில் அடங்காமல் த-வகுப்பில் அமைகிறது. மகவு, குழவி முதலியவற்றைப் பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்வனவாகத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்திருப்பதை இங்கு ஒப்புநோக்கலாம். இது உறவுக்குச் சான்றன்று. பால் வெளிப்படாப் பருவத்தை மொழிகள் கையாளும் போக்கிற்கு ஒரு சான்று.

வகுப்புக்குறி சொல்லாக்கத்திலும் பணிபுரிகிறது. 'ஸ்டக்' என்பது ஆள் என்னும் பொதுப்பெயர். 'பெரிய' என்னும் அடை வ-குறியோடு சேர்ந்தால் 'வோக்க ஸ்டக்' முதியவன். ய-குறியோடு சேர்ந்தால் 'யோக்க ஸ்டக்' முதியவள். பெயர் மாறவில்லை; அடையின் முதலெழுத்தே பால் உணர்த்துகிறது. எண்ணுப்பெயர்களுள் நான்கு மட்டுமே வகுப்பேற்கும் என்பது மேலும் வியப்புக்குரியது. நான்கு சிறுவர், நான்கு குதிரை, நான்கு வீடு என்னும் தொடர்களில் அவ்வெண்ணின் முதலெழுத்து எண்ணப்படும் பொருளுக்கேற்ப மாறும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து முதலியன மாறுவதில்லை. எண்ணும் முறை இருபதை அடியாகக் கொண்டது. நாற்பது இருமுறை இருபது. அறுபது மும்முறை இருபது. எண்பது நான்குமுறை இருபது.

தன்மை வினையில் இரு மொழிகளும் நேர் எதிரான வழிகளில் செல்கின்றன. தமிழில் 'வந்தேன்' என்பது பேசுபவரின் பாலை உணர்த்தாது. இடத்தையும் எண்ணையும் உணர்த்தும். செச்சென் வினை இடம் காட்டாது. ஆயின் 'நான் வந்தேன்' என ஆண் கூறின் வினை வ-குறி பெறும். பெண் கூறின் ய-குறி பெறும். வரவேற்புரையும் அவ்வாறே, ஆணுக்கும் பெண்ணுக்கும் பலர்க்கும் வெவ்வேறு முதலெழுத்தோடு வழங்கும். அவ்வுரையின் நேர்ப்பொருள் 'உரிமையோடு வருக' என்பது. 'மர்ஷோ' என்னும் விடுதலைச் சொல்லே அதன் அடி. வினைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வகுப்பேற்கும், எஞ்சியவை மாறா.

செயப்படுபொருள் குன்றா வினையில் எழுவாய் தனி வேற்றுமை உருபு பெறும். வினையோ செயப்படுபொருளோடு இயையும். 'சிறுவன் மடல் படிக்கிறான்' என்பதன் எளிய நிகழ்கால வடிவில் வினை மடலுக்குரிய த-குறியைக் கொள்ளும். மடலின் இடத்தில் புத்தகம் வந்தால் ய-குறி வரும். சிறுவனுக்குரிய வ-குறிக்கு அங்கு இடமில்லை. இறந்தகாலத்தில் மற்றொரு நுட்பம் உண்டு: பேசுபவர் தாமே கண்ட நிகழ்வுக்கு ஒரு வடிவமும், காணாமல் கேட்டோ ஊகித்தோ அறிந்த நிகழ்வுக்கு வேறு வடிவமும் வழங்குகின்றன. அறிந்த வழியை வினைமுற்றிலேயே புலப்படுத்தும் இவ்வியல்பைச் சான்றுநிலை எனலாம்.

எழுத்து

இம்மொழியை இலக்கண நூலாக வகுத்த முதல்வர் உருசியப் படையதிகாரியாகவும் மொழியறிஞராகவும் விளங்கிய பியோத்தர் உஸ்லர். 1862இல் கேதி தோசவ் என்னும் செச்செனின் துணையோடு உருசிய எழுத்தின் அடிப்படையில் ஓர் அரிச்சுவடி உருவாயிற்று. உஸ்லரின் இலக்கணம் 1888இல் திபிலிசியில் அச்சேறியது. அதற்கும் முன்னர், தெரெக் கரையில் படைப்பணியாற்றிய இளம் தால்ஸ்தோய் 1852இல் தம் செச்சென் நண்பர்களிடம் கேட்ட இரு பாடல்களை உருசிய எழுத்தில் மூலமாகவும் மொழிபெயர்ப்பாகவும் எழுதிவைத்தார். செச்சென் நாட்டார் வழக்காற்றின் மிகப் பழைய பதிவுகளுள் அவை அடங்கும். வென்ற படையின் முகாமிலேயே இம்மொழியின் எழுத்து வரலாறு தொடங்குவது வரலாற்றின் கசப்பான இயல்பு.

மக்களிடையே புழங்கியது அரபு எழுத்து. சமய நூல்களும் மடல்களும் கல்லறைக் கற்களும் அதில் அமைந்தன. 1925இல் சோவியத் அரசு இலத்தீன் எழுத்தைப் புகுத்தியது. 1938இல் அதனை நீக்கி உருசிய எழுத்தைக் கொணர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு சமூகம் மூன்று எழுத்துமுறைகளைக் கண்டது. அரபு எழுத்தில் தேர்ந்த முதியவர் அரசின் கணக்கில் எழுத்தறிவற்றவரானார். இலத்தீனில் பயின்ற மகனும் 1938க்குப் பின் மீண்டும் தொடக்க வகுப்பில் அமர வேண்டியவனானான். 1992இல் துதாயெவ் ஆட்சி மீண்டும் இலத்தீனுக்குத் திரும்ப முயன்றது. போர் அதனைத் தடுத்தது.

இன்று வழங்கும் உருசிய எழுத்துமுறையில் 49 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நிமிர்ந்த கோடு போன்ற தனிக்குறி. தட்டச்சுப்பொறிகளிலும் கணினி விசைப்பலகைகளிலும் அது இடம்பெறாமையால் பலரும் அதற்கு ஈடாக 1 என்னும் இலக்கத்தையே இட்டு எழுதுகின்றனர். சொற்களின் நடுவே எண் நிற்கும் காட்சி பழகிப்போயிற்று. உயிரெழுத்துகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒரே எழுத்து குறிலையும் நெடிலையும் குறிக்கும். சில எழுத்துகள் இணையுயிரையும் குறிக்கும். ஓலைச்சுவடிகளில் எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி எழுதப்பட்டதால் சுவடிப் பதிப்பாசிரியர் அடைந்த இடர்ப்பாட்டை நினைந்தால் இதன் கடுமை விளங்கும். சொல்லை முன்பே அறிந்தவரே எழுத்தைச் சரியாக ஒலிக்க முடியும். யொஹானா நிக்கல்ஸ், அர்பி வகாபவ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட செச்சென்-ஆங்கில அகராதியில் உயிர்களின் அளவைக் காட்டத் தனி இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பு தேவைப்பட்டது இக்காரணம் பற்றியே.

1944

1944ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சோவியத் உள்துறைப் படைகள் செச்சென், இங்குஷ் ஊர்களைச் சூழ்ந்தன. ஏறத்தாழ 5 இலட்சம் பேர் சில நாள்களுக்குள் சரக்குத் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டுக் கசக்ஸ்தானுக்கும் கிர்கிசியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். நாசிப் படையோடு ஒத்துழைத்தனர் என்பது சாட்டிய குற்றம். முன்னணியில் சோவியத் படையிற் போரிட்டுக்கொண்டிருந்த செச்சென் வீரர்களும் பின்னர் விலக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டனர். வட காக்கசஸிலிருந்து இவ்வாறு பெயர்க்கப்பட்ட செச்சென், இங்குஷ், கராச்சாய், பல்கார் மக்களுள் 1944-1948 காலத்தில் 1,44,704 பேர் இறந்தனர் என்பது அக்கால அலுவல் ஆவணத்தின் கணக்கு. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2004இல் இந்நிகழ்வை இனப்படுகொலை என ஏற்றது.

மொழிவரலாற்று நோக்கில் இந்நிகழ்வின் மூன்று கூறுகள் தனித்துக் காணத்தக்கன. முதலாவது, பெயரழிப்பு. தன்னாட்சிக் குடியரசு மார்ச் 7ஆம் நாள் கலைக்கப்பட்டது, ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. உருஸ்-மர்த்தான் செம்படையின் பெயர் பெற்றது. ஷாலி 'ஆற்றிடையூர்' என்று பொருள்படும் உருசியப் பெயரை ஏற்றது. அடுத்தது கல்லறைக் கற்கள். அரபு எழுத்துப் பொறித்த அக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக் குரோஸ்னியில் நடைபாதை ஓரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பயன்பட்டன. 1990களின் தொடக்கத்தில் அவற்றைத் தேடித் திரட்டி நினைவிடம் ஒன்று எழுப்பினர். 2014இல் அதனைக் கலைத்துக் கற்களை நகரின் வேறிடத்திற்கு மாற்றினர். எழுத்து மாற்றங்களால் பெரும்பாலோர் அரபு எழுத்தை இழந்துவிட்டமையின், மீண்டுவந்த பேரனால் பாட்டனின் கல்லைக் கண்டெடுக்க முடிந்தாலும் படிக்க முடியவில்லை.

மூன்றாவது, பள்ளி இன்மை. உருசிய எழுத்து நடைமுறைக்கு வந்து ஆறாண்டுகளே ஆகியிருந்த நிலையில் செச்சென் மொழிக் கல்வியும் அச்சும் நின்றன. 1955இல் அல்மாட்டியில் ஒரு செய்தித்தாள் தொடங்கும் வரை வெளியீடே இல்லை. குடியிருப்பை விட்டு நீங்குவோர்க்கு இருபதாண்டுக் கடுந்தண்டனை என 1948 நவம்பர் 26ஆம் நாள் ஆணை பிறந்தது. இவ்வளவு அழுத்தத்தில் மொழி தேய்ந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்ததோ வேறு. குடும்பம், திருமணம், இறப்புச் சடங்கு, சூஃபி வழிபாட்டு வட்டம் ஆகிய களங்களில் அரசு நுழைய இயலவில்லை. அங்கெல்லாம் மொழி முழுமையாக வாழ்ந்தது. கசக்ஸ்தானில் இவர்களோடு நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த சோல்செனித்சின், பணிய மறுத்த இனமாகச் செச்சென்களைத் தம் நூலில் குறிப்பது இச்சூழலோடு பொருந்துகிறது. 1989ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செச்சென்களுள் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் தம் தாய்மொழி செச்சென் என்றே பதிந்தனர்.

மீட்சிக்குப் பின்

இந்த 98 விழுக்காட்டை மொழிப்பயன்பாட்டின் அளவாகக் கொள்வது பிழை. அது பற்றின் அளவு. 1957 ஜனவரியில் குடியரசு மீட்கப்பட்டு மக்கள் திரும்பினர். ஆனால் கலன்சோஜ், செபெர்லோய் முதலான உயர்மலைப் பகுதிகளில் மீண்டும் குடியேற இசைவு கிடைக்கவில்லை. மலையோடு ஒட்டி வாழ்ந்த வட்டார வழக்குகள் சமவெளியில் சிதறின. இலக்கிய மொழியோ சமவெளி வழக்கை அடிப்படையாகக் கொண்டது. பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே உருசியம் பயிற்றுமொழி ஆயிற்று. செச்சென் ஒரு பாடமாக மட்டும் எஞ்சியது. எண்ணெய்த் தொழிலால் வளர்ந்த குரோஸ்னியில் உருசியரே நெடுங்காலம் பெரும்பான்மையர். அலுவலகமும் தொழிற்சாலையும் அவர்கள் மொழியில் இயங்கின. இவ்வாறு வீட்டில் பேசும் மொழி ஒன்று, படித்து எழுதும் மொழி வேறொன்று என்னும் பிளவு நிலைத்தது. தடைசெய்யப்பட்ட காலத்தில் காக்கப்பட்ட மொழி, இசைவளிக்கப்பட்ட காலத்தில் எழுத்துலகில் பின்தங்கியது என்பதே இவ்வரலாற்றின் முடிச்சு.

1994இல் தொடங்கிய போரும் 1999இல் தொடங்கிய போரும் இப்பிளவை அகலமாக்கின. குரோஸ்னியின் நூலகமும் ஆவணக் காப்பகமும் அழிந்தன. 2003இல் ஐக்கிய நாடுகள் அவை அந்நகரை உலகிலேயே மிகுதியாக அழிந்த நகர் எனக் குறித்தது. உருசியர் பெரும்பாலும் வெளியேறியதால் இன்று குடியரசில் செச்சென்களே மிகப் பெரும்பான்மையர். ஆயினும் உருசியச் சொற்களும் தொடர்களும் இடையிட்ட கலப்பு நடையே நகரப் பேச்சில் மேலோங்கியுள்ளது. 2007 முதல் ஏப்ரல் 25 செச்சென் மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2018இல் உருசியக் கூட்டாட்சிச் சட்டம் தாய்மொழிப் பாடத்தை விருப்பப் பாடமாக்கியது. விழா உண்டு, வகுப்பறையில் இடம் சுருங்குகிறது. செச்சென் விக்கிப்பீடியாவில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இருப்பதையும் இங்கு எச்சரிக்கையோடு நோக்க வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை ஊர்களையும் ஆறுகளையும் பற்றித் தானியங்கி நிரல்கள் ஆக்கிய குறுங்குறிப்புகள்.

இம்மொழியின் இருவேறு எதிர்காலங்களை அதன் உறவினரிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் காணலாம். ஜோர்தானில் 1902ஆம் ஆண்டையொட்டிக் குடியேறிச் சர்க்கா நகரின் தோற்றத்திற்குக் காரணமான செச்சென்கள், செச்சென் மொழிப் பள்ளியோ அச்சோ இன்றியே தலைமுறைகள் பலவற்றில் வீட்டுமொழியைக் காத்தனர். மறுபுறம் ஜார்ஜியாவின் செமோ அல்வானி என்னும் ஒரே ஊரில் வழங்கும் பட்ஸ் மொழி, இளையோர் ஜார்ஜிய மொழிக்கு மாறிவிட்டமையால் முதியோரின் மொழியாகச் சுருங்கியது. யூனுஸ் தெஷெரியெவ் 1953இல் அம்மொழிக்கு விரிவான இலக்கண ஆய்வை வெளியிட்டபோது, அவர் பிறந்த செச்சென் இனம் இன்னும் நாடுகடந்த நிலையில் இருந்தது. 1963இல் அவர் வெளியிட்ட நாஹ் மொழிகளின் ஒப்பீட்டு இலக்கணம் குரோஸ்னியிலேயே அச்சாயிற்று.

வட்டார வழக்குகளின் ஒலிப்பதிவே இன்று மிகவும் காலந்தாழ்க்க இயலாத பணி. மலையூர்களில் பிறந்து 1944இல் வண்டியேறியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டனர். அந்நாளைக் குறித்து அவர்கள் பேசும்போது வினை கண்டோர்க்குரிய இறந்தகால வடிவில் வருவதற்கு உரிமை உண்டு; அவர்தம் மக்களும் பெயரரும் அதே நிகழ்வைக் கூறுங்கால் காணாதார்க்குரிய வடிவமே அம்மொழியின் இலக்கணப்படி முறையாகும்.